ஜெய்சல்மேர்: பாதைகள் அறுந்த பொன்னகரம்

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில், இந்திய வரலாற்றைக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் ஒரு வரைபடத்தை வரைவது வழக்கம். சிந்து நதிக் கரையில் இருந்து குஜராத்தை நோக்கியும், முல்தானில் இருந்து தார்ப் பாலைவனத்தின் ஊடாகவும் வெண்கட்டியால் சில கோடுகளை இழுப்பார். அந்தக் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளியை வைத்து 'ஜெய்சல்மேர்' என்று எழுதுவார். பரீட்சைக்குத் தேவையில்லாத பெயர் என்பதால் நாங்கள் எவரும் அதனைக் குறித்துக் கொண்டதில்லை. ஆனால், பல வருடங்கள் கழித்துப் பத்திரிகைப் பணியில் எல்லைகள், சோதனைச் சாவடிகள், மூடப்பட்ட பாதைகள் பற்றியெல்லாம் எழுதிக் கொண்டிருந்த வேளைகளில் அந்தப் புள்ளி அடிக்கடி என் நினைவுக்கு வந்ததுண்டு.

2017 டிசம்பரில் ஒரு பணியின் நிமித்தம் புதுடில்லி சென்றிருந்தபோது, அந்தப் புள்ளியை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு பணிபுரியும் நண்பர் ஒருவரும் உடன்வரச் சம்மதித்தார். ஜோத்பூர் வரை ரயில். அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ஏறத்தாழ 285 கிலோமீற்றர் தூரத்தைக் காரில் கடப்பது என்று தீர்மானித்தோம். எனது ஹிந்தி அறிவு மிகவும் சொற்பமானது. நண்பரே வழிநெடுக எனக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார்.

பாலைவனம் என்றால் மணல்மேடுகள் மாத்திரமே என்று எண்ணியிருந்த எனக்கு முதல் வியப்பு வீதியோரத்திலேயே காத்திருந்தது. வறண்ட வெளியில் தனித்தனியாக நின்ற மரங்களைக் காட்டி, அவை 'கேஜ்ரி' என்றும் பாலைவன மக்களுக்குத் தாய்போன்ற மரம் என்றும் சாரதி கூறினார். இறங்கிச் சென்று இலையையும் முள்ளையும் பார்த்தபோதுதான் அது எமது வன்னி மரம் என்பது விளங்கியது. அதன் அருகே எருக்கும் பூத்து நின்றது. முன்பின் பார்த்திராத ஒரு தேசத்தில் ஊர் மரத்தைக் கண்டால் மனதில் இருக்கும் அந்நியம் பாதி குறைந்துவிடும்.

வழியில் பொக்ரான் வந்தது. 1974 மே 18 ஆம் திகதியும் பின்னர் 1998 மே 11 ஆம், 13 ஆம் திகதிகளிலும் இந்தியா அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்திய பிரதேசம் அது. உலகத்தையே அதிரவைத்த அந்தப் பெயருக்குரிய ஊரில் நாம் கண்டது ஒரு சிறிய கடைத்தெருவையும் பழைய கோட்டையொன்றையும் தேநீர்க் கடைகளையும்தான். அவ்வாறான ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோதுதான் சாரதி தனது குடும்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவர் பாட்டி ராஜபுத்திர குலத்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தாயார் பிறந்தது எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள உமர்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில். உமர்கோட் என்றதும், நாட்டை இழந்து பாலைவனத்தில் அலைந்த ஹுமாயூனுக்கு 1542 இல் அக்பர் பிறந்த இடம் என்பது என் நினைவுக்கு வந்தது. அங்கு வாழும் சோதா ராஜபுத்திரர்கள் தமது குலத்துக்குள்ளேயே மணம் முடிப்பதில்லை. ஆகவே, பெண் எடுப்பதும் கொடுப்பதும் ராஜஸ்தான் பக்கத்துக் குலங்களுடன்தான். நாடு இரண்டான பின்னரும் அந்த வழக்கம் மாறவில்லை. "என் பாட்டி காலத்தில் ஒட்டகத்தில் சில நாட்களில் போய்விடலாமாம். அம்மா இப்போது ஜோத்பூர் போய், விசாவுடன் ரயில் ஏறித்தான் மாமா வீட்டுக்குப் போகிறார். அதுவும் சில வருடங்களுக்கு ஒரு தடவைதான்" என்றார் அவர்.

அவர் குறிப்பிட்டது தார் எக்ஸ்பிரஸ் ரயிலை. பிரிட்டிஷார் காலத்தில் ஜோத்பூரையும் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தையும் இணைத்த பாதை 1965 போரில் துண்டிக்கப்பட்டது. நாற்பது வருடங்களுக்கும் மேலாக மூடிக்கிடந்த பின்னர், 2006 பெப்ரவரியில் முனாபாவ் - கோக்ராபார் எல்லையின் ஊடாக வாரத்துக்கு ஒரு தடவை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. நாம் சென்ற வேளையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில் ஜெய்சல்மேர் கண்ணுக்குத் தெரிந்தது. சமவெளியின் நடுவே ஒரு குன்று. குன்றின் மீது மஞ்சள் நிற மணற்கல்லில் கோட்டை. எங்கு மலை முடிகிறது, எங்கு மதில் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதவாறு இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. மாலை வெயிலில் அந்தக் கல் பொன்னாக மாறுவதைக் கண்டபோது, 'சோனார் கெல்லா' என்ற பெயரில் சத்யஜித் ராய் 1974 இல் எடுத்த திரைப்படத்துக்கு இந்தக் கோட்டையைத் தெரிவு செய்ததன் காரணம் விளங்கியது. 'பொற்கோட்டை' என்பதே அந்தப் பெயரின் பொருள். வங்காளிகள் இன்றும் கூட்டம் கூட்டமாக இங்கு வருவதற்கு அந்தப் படமே முக்கிய காரணம் என்றார்கள்.

பாட்டி குலத்து மன்னன் ராவல் ஜெய்சல் 1156 இல் இந்த நகரத்தை நிறுவினான் என்பது மரபு. அதற்கு முன்னர் அவர்களின் தலைநகராக இருந்தது லோதுர்வா. இங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில் சமதரையில் இருந்த அந்த நகரம் படையெடுப்புகளைத் தாங்க முடியாமற் போகவே மன்னன் குன்றை நாடினான். ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யாத இடத்தில் ஒரு நகரம் செழித்தது எவ்வாறு? விவசாயத்தினால் அல்ல. சிந்து, முல்தான், குஜராத் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த வணிகர் கூட்டங்கள் இங்கு தங்கின. மன்னர்கள் தண்ணீரும் பாதுகாப்பும் கொடுத்தார்கள். பதிலுக்குச் சுங்கம் வாங்கினார்கள். சில வேளைகளில் அந்தக் கூட்டங்களைக் கொள்ளையடித்தும் இருக்கிறார்கள். அபினி, பட்டு, உலர்பழம், குதிரை என்று கைமாறிய பண்டங்களே இந்தக் கல்லைப் பொன்னாக்கின.

மறுநாள் காலை கோட்டைக்குள் நடந்தோம். இது வெறும் அருங்காட்சியகம் அல்ல. சில ஆயிரம் மக்கள் இன்றும் வாழ்கின்ற ஊர். ஒடுங்கிய சந்துகளில் பசுக்களும் மோட்டார் சைக்கிள்களும் எம்மை நெருக்கின. 2013 இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றது.

உள்ளே சமணர் கோவில்கள் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த ஞான பண்டாரம் என்ற நூலகத்தில் பல நூற்றாண்டுகள் பழைமையான ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்த ஏடுகளைப் பார்த்தவாறு நெடுநேரம் நின்றேன். பனைமரங்களின் நாட்டில் பிறந்தவன் நான். வன்னியும் எருக்கும் மாத்திரம் வளரும் இந்த மண்ணில் ஏட்டுக்கான ஓலை எங்கிருந்து வந்தது? அந்த ஓலையும் ஒட்டகத்தின் முதுகில் தொலைதூரத்தில் இருந்து வந்த சரக்குத்தான். பாதைகள் திறந்திருந்தால் பாலைவனத்திலும் ஒரு நூலகம் எழும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கோட்டைக்கு வெளியே 'பட்வோன் கி ஹவேலி' என்ற மாளிகைத் தொகுதி இருக்கிறது. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தனது ஐந்து புதல்வர்களுக்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்த ஐந்து மாளிகைகள் அவை. மரத்தில் செதுக்கியதோ என்று ஐயுறும் அளவுக்குக் கல்லில் நுணுக்கமான சாளரங்கள். அந்த வணிகர் அவற்றைக் கட்டியபோது, நகரத்தின் பொற்காலம் முடிவை நெருங்கிக் கொண்டிருந்தது என்பதை அறிந்திருக்க மாட்டார்.

வீழ்ச்சிக்கு எல்லைக்கோடு மாத்திரமே காரணம் என்று எழுதுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. முதல் அடி உள்ளிருந்தே விழுந்தது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு திவானாக இருந்த சலீம் சிங் கொடுங்கோலுக்குப் பெயர்போனவர். விவசாயத்திலும் வணிகத்திலும் தேர்ந்தவர்களான பலிவால் பிராமணர்கள் அக்காலத்தில் தமது கிராமங்களைக் கைவிட்டு வெளியேறினார்கள். அவற்றில் ஒன்றான குல்தராவின் கூரையில்லாத வீடுகளுக்கிடையே நானும் நடந்தேன். ஒரே இரவில் 84 கிராமங்களும் காலியாகின, சாபமிட்டுச் சென்றார்கள், பேய்கள் உலவுகின்றன என்றெல்லாம் வழிகாட்டிகள் கதை சொல்கிறார்கள். வரிக்கொடுமையும் நீர் வற்றியதும் சேர்ந்து படிப்படியாக மக்களைப் பெயரச் செய்தன என்று கருதும் ஆய்வாளர்களின் விளக்கமே எனக்கு நம்பக்கூடியதாக இருக்கிறது. பேய்க் கதைகளை விடவும் அதுவே அச்சமூட்டுவதும் கூட.

இரண்டாவது அடி கடலில் இருந்து வந்தது. 1818 இல் ஜெய்சல்மேர் கிழக்கிந்தியக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பம்பாய் துறைமுகமும் பின்னர் ரயில் பாதைகளும் வளர வளர, ஒட்டகப் பாதைகளின் பெறுமதி குறைந்தது. வணிகக் குடும்பங்கள் வேறு நகரங்களுக்குச் சென்றன. ஆயினும், சிந்துவுடனான அன்றாட உறவு நிற்கவில்லை. இந்தப் பக்கத்து நெய்யும் கம்பளியும் கால்நடைகளும் அந்தப் பக்கம் போக, அந்தப் பக்கத்துத் தானியம் இங்கு வந்தது. வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். ஜெய்சல்மேரில் இருந்து கராச்சி சுமார் 450 கிலோமீற்றர். மும்பை ஏறத்தாழ அதன் இரு மடங்கு. இந்த நகரத்தின் இயல்பான துறைமுகம் எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1947 இல் விழுந்ததே மூன்றாவது அடி. இங்கு ஒரு விடயத்தைக் குறிப்பிட வேண்டும். பஞ்சாபிலும் வங்காளத்திலும் போன்று சேர் சிறில் ராட்கிளிஃப் இந்தப் பாலைவனத்தில் புதிதாகக் கோடு எதையும் வரையவில்லை. சிந்து மாகாணத்துக்கும் ராஜபுத்திர சமஸ்தானங்களுக்கும் இடையில் ஏற்கெனவே இருந்த நிர்வாக எல்லை அப்படியே இரண்டு நாடுகளின் எல்லையாகிவிட்டது. மேய்ப்பர்களும் மணப்பெண்களும் பொருட்படுத்தாமல் கடந்து சென்ற ஒரு கோடு, கடக்க முடியாத கோடாக மாறியது.

அது வேறுவிதமாகவும் முடிந்திருக்கலாம். சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைக்கும் பணியில் சர்தார் பட்டேலின் வலக்கரமாக விளங்கிய வி.பி.மேனன், 1956 இல் வெளியான தனது நூலில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஜோத்பூரின் இளம் மகாராஜாவும் ஜெய்சல்மேர் இளவரசரும் முகமது அலி ஜின்னாவைச் சந்தித்தார்கள். கராச்சித் துறைமுகத்தைப் பயன்படுத்தும் வசதி, ஆயுத இறக்குமதி, சிந்து வரையிலான ரயில் பாதை மீதான அதிகாரம், பஞ்சகாலத்தில் தானியம் என்று ஜின்னா வாக்குறுதிகளை அடுக்கினார். ஜோத்பூர் மகாராஜா சபலப்பட்டார். ஜெய்சல்மேர் இளவரசரோ ஒரு நிபந்தனையை முன்வைத்தார்: இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டால், இந்துக்களுக்கு எதிராகத் தான் முஸ்லிம்களின் பக்கம் நிற்கப் போவதில்லை. அந்த வார்த்தை ஜோத்பூர் மகாராஜாவையும் சிந்திக்க வைத்தது என்கிறார் மேனன். இரு சமஸ்தானங்களும் இந்தியாவுடன் இணைந்தன. கராச்சியின் கதவு மூடிக்கொண்டது.

அதன்பிறகு ஜெய்சல்மேர் ஒரு முட்டுச்சந்தாக மாறியது. தலைமன்னார் இறங்குதுறையில் கைவிடப்பட்ட தண்டவாளங்களைப் பார்த்து நின்றிருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பாதையின் நடுவில் இருந்த ஓர் ஊர், பாதையின் கடைசி ஊராக மாறுவது சாதாரண மாற்றமல்ல.

இந்த நகரத்தைப் புதுடில்லிக்கு மீண்டும் நினைவூட்டியது போர். 1965 ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னரே, அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் பொக்ரானில் இருந்து ரயில் பாதை இங்கு வந்து சேர்ந்தது. வணிகம் கொண்டுவராத ரயிலைப் பாதுகாப்புத் தேவை கொண்டுவந்தது. 1971 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, டாங்கிகளுடன் வந்த பெரும் பாகிஸ்தான் படையை லோங்கேவாலா என்ற எல்லைக் காவலரணில் மேஜர் குல்தீப் சிங் சந்த்பூரியின் தலைமையில் சுமார் 120 வீரர்கள் விடியும்வரை தடுத்து நிறுத்தினார்கள். விடிந்ததும் ஜெய்சல்மேர் விமானத்தளத்தில் இருந்து எழுந்த ஹண்டர் விமானங்கள், திறந்த மணல்வெளியில் ஒளிய இடமில்லாமல் நின்ற டாங்கிகளைத் தாக்கி அழித்தன. 1997 இல் வெளியான 'பார்டர்' என்ற ஹிந்திப் படம் இச்சமரை இந்தியாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சென்றது.

படத்தில் இடம்பெறாத கதையும் ஒன்றுண்டு. அதே போரில் இந்தியப் படைகள் தெற்கே சிந்துவின் தார்பார்க்கர் பகுதிக்குள் நுழைந்து பரந்த நிலப்பரப்பைக் கைப்பற்றின. 1972 சிம்லா ஒப்பந்தத்தின் கீழ் அந்த நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால், அங்கிருந்த இந்துக் குடும்பங்களில் பெருந்தொகையானவை இந்தியப் பக்கத்துக்கு வந்து அகதிகளாயின. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஓர் ஒப்பந்தம் போதுமானதாக இருந்தது. பெயர்ந்த மக்களை அவ்வாறு திருப்பிவைக்க முடியவில்லை. அகதி என்ற சொல்லின் எடையை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நகரத்துக்கு மறுவாழ்வு தந்தவை இரண்டு. ஒன்று, சுற்றுலா. மற்றையது, நீர். பஞ்சாபின் ஹரிகே அணையில் இருந்து 649 கிலோமீற்றர் நீளத்துக்கு வரும் இந்திரா காந்தி கால்வாயின் பணிகள் 1958 இல் ஆரம்பமாகி, 1987 இல் நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கட் வரை வந்து சேர்ந்தது. சட்லெஜ், பியாஸ், ராவி நதிகளின் நீரை இந்தியாவுக்கு ஒதுக்கிய 1960 ஆம் ஆண்டு சிந்து நதிநீர் ஒப்பந்தமே இந்தத் திட்டத்துக்கு உறுதியான அடித்தளத்தை வழங்கியது. இந்தப் பாலைவனத்துக்கு வறட்சியைக் கொடுத்தது எல்லை ஒப்பந்தம் என்றால், பசுமையைக் கொடுத்ததும் ஓர் ஒப்பந்தந்தான். இதில் ஒரு முரண் என்னவென்றால், குடங்களில் நீர் சுமந்த காலத்துக்காகக் கட்டப்பட்ட கோட்டைக்குள் குழாய்நீர் தாராளமாக வந்ததும், கழிவுநீர் அத்திவாரத்தில் கசிந்து மதில்களே சரியத் தொடங்கின. எண்ணூறு வருடங்களாக வறட்சியைத் தாங்கிய கோட்டைக்கு நீரே இப்போது எதிரி.

எல்லையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆவல். எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கும் தனோத் மாதா கோவிலையும், 1965 இல் விழுந்து வெடிக்காமல் அங்கு வைக்கப்பட்டிருக்கும் குண்டுகளையும், லோங்கேவாலாவையும் பார்த்துவர எண்ணியிருந்தேன். ஆனால், அந்தப் பகுதிகளுக்குச் செல்ல வெளிநாட்டவர்களுக்கு விசேட அனுமதிப்பத்திரம் தேவை. எம்மிடம் இருந்த இரண்டு நாட்களில் அதனைப் பெறுவது சாத்தியமில்லை என்று தெரியவந்தது. நண்பர் மாத்திரம் போகலாம் என்றார்கள். அவர் போக மறுத்துவிட்டார். வவுனியாவில் 'பாஸ்' எடுப்பதற்காக வரிசையில் நின்ற 1990 களின் காலைப்பொழுதுகள் என் கண்முன்னே வந்தன. ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை. சற்றுச் சிரிப்புத்தான் வந்தது.

அன்று மாலை, சுமார் 40 கிலோமீற்றர் மேற்கேயுள்ள 'சம்' மணல்மேடுகள் வரை சென்றோம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஒட்டகங்கள் வரிசையாகச் சென்றன. முன்னொரு காலத்தில் சிந்துவுக்குச் சரக்குச் சுமந்த ஒட்டகங்களின் வழிவந்தவை அவை. இப்போது அரை மணித்தியாலம் நடந்துவிட்டுத் திரும்பி வருகின்றன.

இரவு ஒரு முகாமில் மங்கணியார் கலைஞர்கள் பாடினார்கள். அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடுவது அவர்களது தொழில். முதியவர் ஒருவர் 'கமாய்ச்சா' என்ற வில்வாத்தியத்தை மடியில் வைத்து வாசித்தார். நிகழ்ச்சி முடிந்த பின்னர் நண்பர் மூலம் அவருடன் உரையாடினேன். அவர்களது உறவினர்கள் தார்பார்க்கரிலும் இருக்கிறார்கள். அதே பாடல்களைத்தான் பாடுகிறார்கள். "நாங்கள் பாடும் வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வீடுகளுக்கு என் தகப்பனார் போய்ப் பாடியிருக்கிறார். நான் போனதில்லை" என்றார் அவர். எல்லையை நான் பார்க்கவில்லை என்று சொல்வது முழு உண்மையல்ல. முள்வேலியைத்தான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில், அடுத்த தடவை குடும்பத்துடன் வரவேண்டும் என்றும் தனது தாயார் கையால் சமைத்த பஜ்ரா ரொட்டி சாப்பிட வேண்டும் என்றும் சாரதி வற்புறுத்தினார். கம்பு மாவில் செய்யும் அந்த ரொட்டியைச் சாப்பிடும் வாய்ப்பு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

2019 ஆகஸ்டில், காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்டதைத் தொடர்ந்து தார் எக்ஸ்பிரஸ் நிறுத்தப்பட்டது. செய்தியை வாசித்ததும் நண்பரிடம் சொல்லிச் சாரதியுடன் தொலைபேசியில் பேசச் செய்தேன். அவருடைய தாயார் அப்போது இந்தப் பக்கத்தில்தான் இருந்தார். அடுத்த குளிர்காலத்தில் உமர்கோட்டில் நடைபெறவிருந்த தமையனின் பேத்தியின் திருமணத்துக்குச் செல்வதற்காகச் சேலைகள் எல்லாம் வாங்கி வைத்திருந்தாராம். அந்தத் திருமணத்தை அவர் மகனின் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தார் என்று பின்னர் அறிந்தேன்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, எஞ்சியிருந்த அட்டாரித் தரைவழியும் மூடப்பட்டது. விசாக்கள் இரத்துச் செய்யப்பட்டன. சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. அடுத்த மாதம் ஜெய்சல்மேரின் வானில் ட்ரோன்கள் பறந்தன. நகரம் விளக்குகளை அணைத்து இருளில் அமர்ந்திருந்தது. அந்த இரவுச் செய்திகளைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, என் மனக்கண்ணில் தெரிந்தது கோட்டையல்ல. போக முடியாத திருமணத்துக்கு வாங்கி வைத்த சேலைகளுடன் இருட்டில் அமர்ந்திருக்கும், நான் ஒருபோதும் சந்தித்திராத அந்தத் தாய்தான்.

எனது விரிவுரையாளர் இப்போது உயிருடன் இல்லை. ஆனால், ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. கரும்பலகையில் அந்தக் கோடுகளை இழுக்கும்போது, அவர் ஒருபோதும் அவற்றை ஜெய்சல்மேரில் நிறுத்தியதில்லை. புள்ளியை வைத்துவிட்டு, வெண்கட்டியை எடுக்காமல் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டே போவார்.